ஒல்லிப் பெண்ணுக்கும் வரும்



போன மாதம் ஒரு அம்மா என்னிடம் வந்தார். "மகளுக்கு நாலு மாதமாகத் தூரம் வரவில்லை. முகமெல்லாம் பரு. தாடையில் முடி. ஸ்கேன் பார்த்து நீர்க்கட்டி என்கிறார்கள். கட்டியை அறுக்க வேண்டுமா? வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்பார்கள்?" என்று அழுதார்.

பெயர்தான் பயமுறுத்துகிறது. இது புற்றுநோய் அல்ல. சினைப்பையில் மாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வர வேண்டும். சிலருக்கு அது பாதியில் நின்றுவிடுகிறது. அப்படி நின்ற சின்னக் குமிழிகள்தான் ஸ்கேனில் தெரிகின்றன. அவற்றை அறுத்து எடுக்க வேண்டியதில்லை. உலகில் ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது.

ஏன் நிற்கிறது? நாம் சாப்பிடும் சர்க்கரையை உடம்பு பயன்படுத்த இன்சுலின் என்ற சுரப்பு வேண்டும். இந்தப் பெண்களில் பலருக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடம்பு அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் ஆண்களுக்குரிய சுரப்பைக் கூட்டிவிடுகிறது. பருவும் முடியும் அதனால்தான்.

"அவள் ஒல்லிதானே!" என்றார் அந்த அம்மா. நம் புனேயிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ராஸ்தா பேட்டையில் சர்தார் முதலியார் சாலையில் கே.ஈ.எம். மருத்துவமனை இருக்கிறது. (சாலையின் பெயரைப் பாருங்கள், நம்மவர் பெயர்!) அங்கே டாக்டர் யாஜ்னிக் என்பவர் சர்க்கரை நோயை ஆராய்ந்தவர். அவரும் லண்டன் டாக்டர் யட்கினும் தங்களையே அளந்து பார்த்தார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இருவருக்கும் ஒன்றே. ஆனால் உடம்பின் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9 சதவீதம், நம்மவருக்கு 21 சதவீதம்! 2004இல் இதைப் படத்தோடு வெளியிட்டார்கள். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம் நாட்டில் பலருடைய உடம்பு இப்படித்தான்.

ஆகவே ஒல்லிப் பெண்ணைப் பட்டினி போடாதீர்கள். குண்டான பெண்ணையும் கேலி செய்யாதீர்கள். அவள் 60 கிலோ இருந்தால், 3 கிலோ குறைந்தாலே பலன் தெரியலாம். ஒல்லியோ குண்டோ, நடை வேண்டும். தினம் அரைமணி, மூச்சு சற்று வாங்கும்படி, வாரம் ஐந்து நாள்.

சாப்பாட்டை அவளுக்கு மட்டும் மாற்றினால் நிலைக்காது. வீடு முழுவதும் மாற வேண்டும். சோற்றைக் குறைத்துக் காய், பருப்பைக் கூட்டுங்கள். பக்கத்து வீட்டு மராட்டிக்காரர்கள் சோள பாக்ரியும் முளைகட்டிய மட்கியும் தின்கிறார்கள். நாமும் தின்னலாம். வடாபாவ் என்றைக்காவது இருக்கட்டும். டீயைக் கணக்குப் போடுங்கள். நாளைக்கு 4 டீ, டீக்கு 2 கரண்டி சர்க்கரை. மாதம் 240 கரண்டி. ஒரு கிலோ வந்துவிடும்!

"கல்யாணம் ஆனால் சரியாகும்" என்பார்கள். ஆகாது. "குழந்தையே பிறக்காது" என்பார்கள். அதுவும் தவறு. பலருக்குத் தானாகவே பிறக்கிறது; சிலருக்கு மருந்து வேண்டும். மருந்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

வயதுக்கு வந்த முதல் ஓரிரு ஆண்டு தூரம் முன்பின்னாக வரலாம். அதற்குப் பின்னும் வருடத்தில் எட்டு முறைக்குக் குறைந்தால் டாக்டரிடம் போங்கள். மூன்று மாதம் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போகும்; அது நல்லதல்ல. மணமானவர் என்றால் முதலில் கர்ப்பமா என்று பாருங்கள்.

இப்போது உங்களுக்குத் தேதி எழுதத் தெரியும். தூரம் வந்த நாளில் காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். போகும்போது அதைக் கையில் எடுத்துப் போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் அதைக் காட்டினால் போதும்.