நீச்சல் குளமும் ஊருணி நெறியும்



எங்கள் நேமத்தான்பட்டி உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்கள் வற்றாத ஆற்றின் கரையில் அமைந்தவை அல்ல, வானத்தை நம்பியவை. ஆகையால் முன்னோர் ஓட்டுக் கூரையில் விழுந்த மழையை முற்றத்தில் அண்டா வைத்துப் பிடித்தனர். ஊருக்குப் பொதுவாக ஊருணி வெட்டினர். குடிநீர் ஊருணியில் இறங்கிக் குளிக்கலாகாது என்பது அவர்கள் வகுத்த நெறி.

இன்று கானாடுகாத்தானிலும் பிறவிடங்களிலும் பழைய மாளிகைகள் சில விடுதிகளாகி, நீச்சல் குளங்களும் தோன்றிவிட்டன. வீட்டிலேயே குளம் அமைக்க விரும்புவோரும் உளர். அவர்களுக்காகவே இன்று பேசுகிறேன்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழம் உள்ள குளம் 40,000 லிட்டர் நீர் கொள்ளும். கிராமத்தில் ஆளுக்கு நாள்தோறும் 55 லிட்டர் என்பது அரசின் கணக்கு. பராமரிப்பின்றிப் பாசி பிடித்த குளத்தை ஒருமுறை இறைத்துக் கொட்டினால், எழுநூறு பேருக்கு மேற்பட்டோரின் ஒருநாள் நீரைக் கொட்டியவராவோம். வறண்ட நாட்டில் இது சிறிய பிழையா?

குளத்தைக் காக்கும் வழி மூன்று. முதலாவது, அழுக்கை உள்ளே விடாமை. உடலைக் கழுவிக்கொண்டே இறங்க வேண்டும். உதிர்ந்த இலைகளை அன்றன்றே வலையால் அரித்தெடுக்க வேண்டும். இரண்டாவது, நீரை நாள்தோறும் மணல் வடிகட்டி வழியே செலுத்துதல். வடிகட்டியின் அழுத்தமானி வழக்கத்தினும் உயர்ந்தால், நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவ வேண்டும். மூன்றாவதே மருந்து. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் நீரில் நிற்க வேண்டும். கார அமில அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையே இருத்தல் நலம். காரம் மிகுந்தால் குளோரினின் வலிமை குன்றும். இவற்றை அளக்கச் சோதனைப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன.

வெயில் குளோரினைச் சிதைக்குமாதலால் மாலையில் இடுவதே சிக்கனம். மருந்தை நீரில் இடுக. மருந்தின்மேல் நீரை ஊற்றற்க. அமிலத்தோடு அது கலந்தால் நச்சுவாயு எழும். மூக்கைத் துளைக்கும் நெடி தூய்மைக்கு அடையாளம் என்று எண்ணாதீர்கள். வியர்வை முதலிய அழுக்கோடு குளோரின் கூடியதால் எழுவதே பெரும்பாலும் அந்நெடி.

குளத்தைச் சுற்றி வேலியும், பூட்டிய கதவும் இன்றியமையாதவை. குழந்தை நீரில் விழுந்தால் ஓசை எழும் என்று நம்பியிருக்க இயலாது.

மருந்து பின்னது, ஒழுங்கு முன்னது. மருந்தறியாக் காலத்தில் ஊருணியைக் காத்த அந்நெறி, மருந்துள்ள இந்நாளிலும் நமக்கு வேண்டும்.