பொய்கைக்குப் போன கிளைவழி

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குச் செல்லும் பயணம் ஓரிடத்தில் தடைப்படுகிறது. மூன்று நெறிகளை விளக்கிய மாங்காட்டு மறையோன், இடைநெறியில் செல்வோரை மயக்கித் தடுக்கும் தெய்வம் உண்டென முன்னரே உரைத்திருந்தான். அந்நெறியில் நடக்கையில், நீர்வேட்கையால் கோவலன் மட்டும் கிளைவழியே ஒரு பொய்கையை அடைந்தான். அங்கே கானுறை தெய்வம் வயந்தமாலை வடிவில் தோன்றி, மாதவியின் துயர் கூறி அழுதது. மறையோன் சொல்லை நினைந்தவன் கொற்றவையின் மந்திரத்தால் சோதித்தான். தெய்வம் தன்னை வெளிப்படுத்தி, மற்ற இருவரிடமும் இதனை உரையற்க என வேண்டியது.

தாமரை இலையில் அவன் கொணர்ந்த நீர் கண்ணகியின் அயர்வைத் தீர்த்தது. நடந்ததை அவள் அறிந்ததாக இளங்கோ கூறவில்லை. காட்டில் அழுத முகத்தையும் ஐயுற்றுச் சோதித்தவன், மதுரையில் பொற்கொல்லனின் பணிந்த சொல்லைச் சோதியாமல் நம்பினான். இக்கிளைவழியைக் கடந்து கொலைக்களக் காதைக்கு விரைவோர் கோவலனைப் பாதியே அறிவர்.