கரும்புத் தோட்டத்தின் சாட்சி

பினாங்கு மாநிலத்தின் பத்து காவானில் இரண்டாம் பாலமும் தொழிற்பேட்டையும் வருவதற்கு வெகுகாலம் முன்பே கரும்பு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி செபராங் பிறைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகள். கப்பல் கட்டணமே கடனாக அவர்கள் தலையில் ஏறியது. கெடு முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. அடிமை முறையை 1833இல் சட்டம் போட்டு ஒழித்த அதே பிரிட்டிஷ் பேரரசுதான் இந்த முறையையும் நடத்தியது.

அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு வலுச் சேர்த்தவை அடிமைப்பட்டவர்களே எழுதிய நூல்கள்: 1789இல் ஒலாடா எக்கியானோ, 1845இல் ஃபிரடெரிக் டக்ளஸ். ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராக அப்படி எழுந்த குரல் தோதாராம் சனாத்யாவுடையது.

வேலை தேடி ஊரை விட்டு வந்த இளைஞர் அவர். 1893இல் அலகாபாத்தில் ஆள்பிடிப்பவன் ஒருவனிடம் சிக்கினார். பதிவின்போது நீதிபதி எதைக் கேட்டாலும் 'ஆம்' என்றே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு, சிறை என்று மிரட்டினார்கள். இருபது நிமிடத்தில் 165 பேரின் பதிவு முடிந்தது. சம்மதம் என்று அரசு ஏடுகளில் எழுதப்பட்டதன் இலட்சணம் இதுதான்; உள்ளே நின்றவர் சொல்லாமல் இது வெளியே தெரிந்திருக்காது. பிறகு கப்பலில் ஃபிஜித் தீவுக்கு; அங்கே ஐந்தாண்டுக் கரும்பு வேலை. கொடுத்த அரிசி, மாவு வாரம் முழுவதற்கும் போதவில்லை. 'பேய் லயம்' என்று பேர்பெற்ற குடியிருப்பில் பசி தாங்காமல் தூக்கில் தொங்கத் துணிந்த இரவையும் பின்னாளில் அவர் மறைக்காமல் சொன்னார்.

ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. வழக்காட ஒரு வக்கீல் வேண்டுமென்று காந்திக்கு எழுதினார். 1912இல் வக்கீல் மணிலால் டாக்டர் ஃபிஜி வந்து சேர்ந்தார். 1914இல் ஊர் திரும்பிய தோதாராம் சொல்லச் சொல்ல, எழுத்தாளர் பனார்சிதாஸ் சதுர்வேதி எழுதினார். 'ஃபிஜித் தீவில் எனது இருபத்தொரு ஆண்டுகள்' இந்தியில் வெளிவந்தது. பத்து காவான் பிள்ளைகளும் படிக்க வேண்டிய நூல் அது, நேயர்களே.

ஃபிஜியில் ஒப்பந்தக் கூலியாக இருந்த குந்தி என்ற பெண்ணின் குரலும் அதே காலத்தில் எழுந்தது. 1913இல் தோட்டத்து வெள்ளைக்கார மேற்பார்வையாளன் தனியிடத்தில் அவரை நெருங்க, அவர் ஆற்றில் குதித்தார். படகில் இருந்த சிறுவன் காப்பாற்றினான். அவர் வாக்குமூலம் கல்கத்தாவின் 'பாரத மித்ரா' இதழில் வெளியாக, நாடே கொதித்தது.

மலாயாவுக்கு ஒப்பந்தத் தமிழர் வரவு 1910இலேயே நிறுத்தப்பட்டது. தோட்டத்துக் கங்காணிகளே ஊருக்குப் போய் ஆள்திரட்டும் கங்காணி முறை தொடர்ந்தது. 1916 மார்ச்சில் இந்தியச் சட்டமன்றத்தில் உறுப்பினர் மாளவியா கொண்டுவந்த ஒப்பந்தக் கூலி ஒழிப்புத் தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ்ச் ஏற்றார். மறு ஆண்டு ஆள்சேர்ப்பு நின்றது. ஃபிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.