எச்.ஐ.வி. எந்த வாசலால் உள்ளே வருகிறது?



சம்பளத்தைப் பற்றிப் பேச அடுத்த கூட்டம் இருக்கிறது. இன்று எச்.ஐ.வி. பற்றிப் பேசுகிறோம். சிலர் பிள்ளைகளை வெளியே அனுப்பப் பார்க்கிறீர்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருக்கட்டும்.

ஒரே பீலியில் குளித்தால் வருமா, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால் வருமா, நுளம்பு கடித்தால் வருமா என்று எங்களிடம் கேட்கிறார்கள். வராது. எச்சிலால் இது தொற்றாது. நுளம்பின் வயிற்றில் கிருமி செரித்துப் போகும். இந்தக் கிருமிக்கு வேண்டியது நமது இரத்தத்திலும் சதையிலும் உள்ள 'சிடி4' என்ற வெள்ளை அணுக்கள். நோயை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் காவல்காரர்கள் அவை. கொழுந்து பறித்துக் காய்த்த உள்ளங்கைத் தோலைத் தாண்டி அவற்றை எட்ட கிருமியால் முடியாது.

பிறப்புறுப்பு அப்படியில்லை. பெண்ணின் யோனி, கருப்பை வாய், ஆணின் முன்தோலின் உட்பக்கம் எல்லாம் ஈரமான மெல்லிய சவ்வு. ஆசனவாய்க்கு உள்ளே இன்னும் மெல்லியது. அந்தச் சவ்விலும் அதன் அடியிலும் காவல் அணுக்கள் நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், கிருமி உள்ளே போய் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். சில அணுக்கள் எதிரியைப் பிடித்ததாக நினைத்துத் தாங்களே அதைச் சுமந்துபோய் சிடி4 அணுக்களிடம் விடுகின்றன. அரையில் நெறி கட்டுமே, அந்தக் கணுக்களுக்குப் போய்ப் பெருகச் சில நாட்களே ஆகும்.

அந்த இடத்தில் ஏற்கெனவே புண் இருந்தால் வாசல் திறந்தே கிடக்கிறது. புண்ணை ஆற்ற காவல் அணுக்கள் கூட்டமாக வருகின்றன. கிருமி தேடுவதும் அவற்றைத்தான். நாமோ கடைக் களிம்பைப் பூசி மறைத்துக்கொண்டு மலைக்குப் போகிறோம். வெட்கம் மட்டும் காரணமில்லை, அரைப்பேர் போய்விடும் என்ற பயமும்தான். கிளினிக் போன நாளுக்குப் பேர் வெட்டினால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். என்ன நோய் என்று சொல்லத் தேவையில்லை.

ஆணுறை இந்த வாசலை அடைக்கும். அது கிழிந்தாலோ, ஒருவர் பலாத்காரம் செய்யப்பட்டாலோ 72 மணித்தியாலத்துக்குள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிருமி நிலைகொள்ளாமல் தடுக்க 28 நாள் மருந்து இருக்கிறது. முதல் நாளே போனால் இன்னும் நல்லது.

தொற்று உள்ளவர் மாத்திரையை ஒழுங்காகக் குடித்து, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. அவரை லயத்தில் ஒதுக்கி வைப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் இரத்தப் பரிசோதனையை மறுக்க வேண்டாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. போவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்ததில் அந்தப் பரிசோதனைக்குப் பெரிய பங்கு உண்டு.

இனிக் கேள்விகளைக் கேளுங்கள். எழுந்து கேட்க முடியாதவர்கள் பெயர் போடாமல் துண்டில் எழுதி, வாசலில் உள்ள பெட்டியில் போடுங்கள்.