கறுப்பு வண்ணத்தில் ஒரு வீடு



நான் தமிழ்ப்பள்ளியில் ஓவியம் கற்பித்தவன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் வீட்டை முழுக்கக் கறுப்பில் தீட்டி வந்தான். "கலர் எங்கடா?" என்று அதட்டி, மறுபடி வரையச் சொன்னேன். அவன் வீட்டு நிலைமை பிறகுதான் தெரிந்தது. படம் பேசியது, எனக்குத்தான் காது இல்லை.

2022 தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டு இளையோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு.

கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டடத்திற்கும் நிதி திரட்டத் தெரிந்தவர்கள் நாம். பிள்ளைகளின் ஓவியங்களை மண்டபத்தில் வைத்து, கிடைக்கும் நன்கொடையில் தமிழ் பேசும் மனநல ஆலோசகரைப் பள்ளிக்கு அழைத்து வந்தால் என்ன? ஒரே நிபந்தனை: பிள்ளையின் சம்மதமின்றிப் படத்தை மாட்டக்கூடாது. பரிசும் வேண்டாம், துயரத்துக்கு மதிப்பெண் போட முடியுமா?

"வெளியே தெரிந்தால் வெட்கம்" என்பார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவையே நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. சட்டம் மாறிய பிறகும் நாம் மாறவில்லை என்றால் எப்படி?

மனம் விட்டுப் பேச ஆளில்லாதவர்களுக்கு, சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் இருக்கிறது. பெற்றோர்களே, இன்றிரவு பிள்ளை வரைந்ததைக் கையில் எடுங்கள். "நல்லா இருக்கு" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். "இதைப் பத்திச் சொல்லும்மா, சொல்லுப்பா" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.