சட்டம் வக்கீல்களுக்கு மட்டுமா?

(புதுக்கோட்டையில் கல்லூரி மாணவர் கூட்டமொன்றில் பேசியது)



சட்டம் படிக்காத மாணவர்களுக்குச் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல வேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். உங்களில் சிலர் கணக்குப் படிக்கிறீர்கள். சிலர் சரித்திரம், சிலர் ரசாயனம், சிலர் தமிழ் படிக்கிறீர்கள். "சட்டம் நமக்கெதற்கு? அது வக்கீல் சமாச்சாரமல்லவா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த எண்ணத்தைப் போக்குவதுதான் என் முதல் வேலையாகும்.

தோழர்களே! "எனக்குச் சட்டம் தெரியாது" என்று சொல்லி எந்தக் கோர்ட்டிலும் ஒருவன் தப்பித்துக்கொள்ள முடியாது. மாடு மேய்ப்பவன் முதல் மந்திரி வரை எல்லோருக்கும் சட்டம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் சர்க்கார் நடக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? பாடம் நடத்தாமலேயே பரீட்சை வைத்து, தேறாதவனைத் தண்டிப்பது போலல்லவா இது இருக்கிறது? முன்னாளில் சாஸ்திரம் என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். அதை நாம் படிக்கக்கூடாது, ஆனால் அதன்படி நடக்க வேண்டும், தவறினால் தண்டனை. இன்றைய சட்டத்தைப் படிக்கக்கூடாதென்று தடுப்பவர் யாருமில்லை. அப்படியிருந்தும் நாமே அதைத் தொடாமல் விலகி நின்றால், அந்தப் பழைய அடிமைத்தனத்தை நாமே மறுபடி வலிய ஏற்றுக்கொண்டவர்களாவோம்.

சட்டம் மனிதன் செய்தது

சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. மனிதன் செய்தான், ஆகவே மனிதன் மாற்றலாம். மனுவின் சட்டத்தில் ஒரே குற்றத்திற்கு ஜாதிக்கொரு தண்டனை இருந்தது. 1950 ஜனவரி 26இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டமோ, 14வது விதியில் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 17வது விதியில் தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது. இந்த அரசியல் சட்டம்தான் எல்லாச் சட்டத்திற்கும் மேலானது. பார்லிமெண்டோ சட்டசபையோ செய்யும் எந்தச் சட்டமும் அதற்கு முரணாயிருந்தால் செல்லாது என்று உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் சொல்லிவிடலாம்.

மாற்றலாம் என்பதற்கு நம் இயக்க அனுபவமே சாட்சி. 1934இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம், மந்திரமும் சடங்கும் இல்லாததால் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. அதற்காக யாரும் புரோகிதரைத் தேடி ஓடவில்லை. 1967இல் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்டசபை இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர் நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகத் தமக்குப் புரியும் மொழியில் சொன்னாலும் போதும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் போதும். தாலி கட்டினாலும் போதும். அதற்கு முன் நடந்த திருமணங்களும் செல்லும் என்றாயிற்று. இந்தப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்கச் சட்டசபையில் போராடினார்கள். அது முழுச் சட்டமாக 1947 வரை ஆயிற்று. பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் வந்தது. இவைகளெல்லாம் தாமாக வந்தவையா? கேட்டதனால் வந்தவை.

சிவில், கிரிமினல்

வழக்கு இரண்டு விதம். நிலம், கடன், பாகப்பிரிவினை இவை சிவில். அதில் பாதிக்கப்பட்டவனே வழக்குப்போட வேண்டும்; காலக்கெடுவும் உண்டு. கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிய புரோநோட்டுக்கு, இடையில் பணம் வரவோ எழுத்தில் ஒப்புதலோ இல்லையானால், எழுதிய தேதியிலிருந்து 3 வருஷந்தான். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுவது தன் கழுத்தைத் தானே நீட்டுவதாகும். அடிதடி, திருட்டு, கொலை இவை கிரிமினல். இதில் சர்க்காரே வழக்கு நடத்தும். சந்தேகமில்லாமல் ரூபிக்க வேண்டும். 1860ஆம் வருஷத்துப் பழைய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் அமலில் இருக்கிறது.

வாரண்டில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தைப் பற்றி நீங்கள் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லையல்ல" என்று சொல்லித் திருப்பக்கூடாது. எழுதியதை உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாய்க் கொடுக்க வேண்டும். மறுத்தால் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பயனில்லையானால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

உங்கள் அண்ணனைப் போலீசார் பிடித்துப் போனால் அழுது பயனில்லை. காரணம் சொல்ல வேண்டும். வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பிரயாண நேரம் போக 24 மணிக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது 22வது விதி முதலியவை கொடுத்த உரிமை. விசேஷக் காரணமும் மாஜிஸ்திரேட் அனுமதியும் இல்லாமல் சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக்கூடாது. வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாயிருந்தாலும், 1987ஆம் வருஷத்துச் சட்டப்படி இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்லுவார்கள்.

ஏட்டுச் சட்டமும் ஊர் வழக்கமும்

இவ்வளவும் இருந்தும் நம் ஜில்லாவின் யோக்கியதை என்ன? 2022 டிசம்பரில் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். விசாரிக்கப் போன கலெக்டர் கவிதா ராமுவும், போலீஸ் சூப்பிரண்டு வந்திதா பாண்டேயும் பார்த்தது வேறொன்று: டீக்கடையில் இரட்டைத் தம்ளர், அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்கள் நுழைய முடியாத நிலை. அன்றே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார்கள். தம்ளர் வித்தியாசத்துக்கும் வழக்குப் பதிவாயிற்று. தொட்டி வழக்கில் 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். அதை அந்த மக்கள் ஏற்கவில்லை. குற்றவாளி யாரென்று ரூபிக்க வேண்டிய இடம் நீதிமன்றம். அதைப் பற்றி நான் பேசவில்லை.

நான் கேட்பது தம்ளரைப் பற்றி. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது. வன்கொடுமைச் சட்டம் 1989இல் வந்தது. 67 வருஷம் கழித்தும் தம்ளர் இரண்டாயிருந்தது ஏன்? சட்டமில்லாததாலா? அந்தக் கடையில் டீ குடித்த படித்தவர்கள் எத்தனை பேர்! ஒருவராவது ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிப் போட்டிருந்தால் போதுமே! வன்கொடுமைச் சட்டப்படி வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018இல் திருத்தமும் வந்திருக்கிறது. அது படித்தவனுக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் ஊரோடு ஒத்துப்போனான். முதலாவதற்கு மருந்து படிப்பு. இரண்டாவதற்கு மருந்து மானம்.

சட்டம் கத்தியைப் போன்றது. உறையிலிருந்தால் யாரையும் காப்பாற்றாது. எதிரி கையிலிருந்தால் நம்மையே வெட்டும். ஆகவே மாணவத் தோழர்களே! அரசியல் சட்டத்தின் மூன்றாம் பாகம், 12 முதல் 35 வரையுள்ள விதிகள், தமிழிலேயே கிடைக்கிறது. அதை இந்த விடுமுறையில் படியுங்கள். ஊருக்குப் போனால், திண்ணையில் நாலு பேரைக் கூட்டி, கைதான 24 மணிக் கணக்கையும், இலவச வக்கீல் உண்டென்பதையும் சொல்லுங்கள். 10 ரூபாய் கட்டி மனுப்போட்டால் 30 நாளில் சர்க்கார் ஆபீஸ் பதில் சொல்ல வேண்டுமென்று 2005ஆம் வருஷத்துத் தகவல் சட்டம் இருப்பதையும் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். புத்தகத்தைப் பார்த்து, உங்கள் அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இத்துடன் என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.