கொல்லப்படாத நாகம்



நயினாதீவை அடுத்த கடலிலே இரண்டு பாறைகள் உள்ளன. ஒன்றைப் பாம்பு சுற்றிய கல் என்றும், மற்றதைக் கருடன் கல் என்றும் தீவு மக்கள் வழங்குவர். அவற்றுக்குரிய கதையை நம்மவரிற் பலர் மழலைப் பருவத்திலேயே கேட்டிருப்பர். நயினாதீவிற் கோயில் கொண்ட அம்மனை வழிபடுதற்காகப் புளியந்தீவிலிருந்து நாகம் ஒன்று வாயிலே பூவைக் கவ்விக்கொண்டு கடலை நீந்தி வருகின்றது. வானிலே வட்டமிட்ட கருடன் அதனைக் கண்டு பாய்கின்றது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு உயிர் தப்ப முயல்கின்றது. கருடன் எதிரேயுள்ள கல்லில் இருந்து காத்திருக்கின்றது. அவ்வேளையிற் காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஒருவன் மரக்கலத்தில் அவ்வழியே வருகின்றான். நாகத்தை விட்டுவிடுமாறு கருடனை வேண்டுகின்றான். அம்மனுக்குத் தன் பொருளைக் கொடுப்பதாயின் விடுவேன் என்று கருடன் சொல்ல, வணிகனும் உடன்படுகின்றான். நாகம் தன் பூவைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. வணிகனின் பொருளால் ஆலயம் எழுகின்றது.

கடல் கடந்த நாடொன்றிற் பிறந்து வளரும் என் உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்திக்கு இக்கதையை அவளுடைய அம்மம்மா அண்மையிற் சொல்லியபோது நானும் உடனிருந்தேன். பறக்கும் டிராகன்களைப் பற்றிய புத்தகங்கள் அச்சிறுமியின் அலுமாரியிலே வரிசையாக இருக்கின்றன. கதை முடிந்ததும் அவள் கேட்டாள்: “அம்மம்மா, அந்தப் பாம்பைக் கடைசியில் யார் கொன்றது?” ஒருவரும் கொல்லவில்லை என்று கிழவி சொன்னார். சிறுமி நம்பவில்லை. கதையில் ஏதோ மிச்சம் இருக்கின்றது என்றே எண்ணினாள்.

அவள் கேட்டதிலே தவறில்லை. டிராகன் என்று இன்று உலகம் அறியும் விலங்கு பிறப்பால் ஒரு பாம்பே. கிரேக்கர் வழங்கிய மூலச் சொல் பெரும் பாம்பையே குறித்தது. பழைய தமிழ் விவிலியம் அதனை வலுசர்ப்பம் என்று பெயர்த்தது. சீன நாட்டினர் பௌத்த நூல்களைத் தம் மொழியில் ஆக்கியபோது, நாகம் என்று வந்த இடங்களிற் பெரும்பாலும் தம் நாட்டு டிராகனுக்குரிய சொல்லையே இட்டனர். ஆகவே, நயினாதீவின் நாகமும் அச்சிறுமியின் புத்தகத்து டிராகனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை எனலாம். ஆயினும், ஒன்று கொல்லப்படுவதற்காகவும், மற்றது காப்பாற்றப்படுவதற்காகவும் கதைக்குள் வருவது ஏன்?

மேனாட்டு மரபிலே டிராகன் புதையலைக் காத்துக் கிடக்கும். பழைய ஆங்கிலக் காவியமாகிய பேவுல்பிலே, புதையற் குவியலிலிருந்து ஒரு கிண்ணம் திருடப்பட்டதும் அது சினந்து நாட்டை எரிக்கின்றது; முதிய வயதிற் போருக்குச் சென்ற மன்னனும் அதுவும் ஒருங்கே மடிகின்றனர். புனித ஜார்ஜ் குதிரைமேல் இருந்து ஈட்டியாற் குத்தும் உருவத்தை அறியாதார் இலர். 1937ஆம் ஆண்டில் டோல்கின் சிறுவர்க்கென எழுதிய ஹொபிட் என்னும் கதையிலும் பொற்குவியலின்மேற் படுத்திருந்த டிராகன் அம்பு பட்டே வீழ்கின்றது.

நம் நூல்களிலும் நாகத்திடம் அச்சம் இல்லாமலில்லை. பாம்பு உலவும் மண்ணில் வாழ்பவனுக்கு அச்சம் நூல் படித்து வருவதன்று. ஆனால், கதை முடியும் இடம் வேறு. கண்ணன் காளியன் தலைமேல் ஆடியபின் அவனைக் கொல்லாது கடலுக்குப் போக விடுகின்றான். சனமேசயன் நாக குலத்தையே தீயிலிட்டு அழிக்கத் தொடங்கிய வேள்வியை, நாகத்தாய் வயிற்றிற் பிறந்த ஆத்திகன் இடையில் நிறுத்துகின்றான்.

இனி நம் தீவுக்கு வருவோம். நாகதீபம் என்னும் நாட்டில் மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர், மாமனும் மருகனும் ஆனோர், ஒரு மணியாசனத்துக்காகப் படை திரட்டி நின்றனர் என்றும், புத்தர் அங்கு எழுந்தருளி அவர்களை ஒற்றுமைப்படுத்தினார் என்றும் மகாவமிசம் கூறும். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையிலும் இதனை ஒத்த செய்தி வருகின்றது. மணிபல்லவத் தீவிலுள்ள மணிப்பீடத்துக்காக நாக நாட்டு அரசர் இருவர் போரிடுகின்றனர். இருவராலும் அதனைப் பெயர்க்கவும் இயலவில்லை, விடவும் மனமில்லை. புத்தர் தோன்றிப் போரை ஒழித்து, அப்பீடத்தில் அமர்ந்து அறம் உரைக்கின்றார். மணிபல்லவம் நயினாதீவே என்று வாதிடுவோர் உளர். அறிஞர் எல்லாரும் அதனை ஏற்றாரல்லர். நம் பொருளுக்கு அவ்வழக்கின் தீர்ப்பு வேண்டியதில்லை. தமிழ் நூலும் பாளி நூலும் இக்கடற்புறத்து நாகரைப் பற்றிக் கூறும்போது, வென்றவன் பெயரைச் சொல்லாது, போர் நின்றதையே சொல்லுகின்றன என்பதே கருதத்தக்கது.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதை இன்னும் தெளிவானது. மரக்கலம் உடைந்து, ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப்பக்கத்திற் கரையேறுகின்றான் அவ்வணிகன். அந்நாகர் மனிதரைத் தின்போர். உறங்கியவனை உணவென்று கருதி எழுப்புகின்றனர். அவனோ அவர்களுடைய மொழியிலேயே பேசுகின்றான். கொல்ல வந்தவர்கள் வியந்து, தம் தலைவனிடம் அவனை அழைத்துச் செல்கின்றனர். முடிவில், கலம் உடைந்து வருவோரைக் கொல்லாது காப்பாயாக என்று சாதுவன் கேட்க, தலைவன் இசைகின்றான். வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. மற்றவன் மொழியை அறிந்திருந்தமையே அவன் உயிரைக் காத்தது.

இது வெறுங் கற்பனை என்று ஒதுக்கிவிட வேண்டா. நயினாதீவு அம்மன் கோயிலிலே 12ஆம் நூற்றாண்டினனாகிய முதலாம் பராக்கிரமபாகுவின் சாசனம் ஒன்று உளது. சிங்கள நாட்டு மன்னனுடைய அச்சாசனம் தமிழிலே பொறிக்கப்பட்டது. ஊர்காவற்றுறை என நாம் இன்று வழங்கும் ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காத்தல் பற்றியும், உடைந்த கலங்கள் பற்றியும் அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொணர்ந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறும், வாணிகக் கலம் உடைந்தாற் பாதியும் அரசுக்கு உரியன; எஞ்சியது உடையவனுக்கே. கரையொதுங்கியவன் இரையல்லன் என்று சாதுவன் நாகர் தலைவனுக்குச் சொன்னதையே, வேறொரு காலத்தில் வேறொரு முறையில் இக்கல்லும் சொல்லுகின்றது.

காதற் கதைக்கும் நம்மிடம் குறைவில்லை. நாக நாட்டு அரசன் மகள் பீலிவளை புகார் நகரத்துச் சோலையிலே சோழ மன்னனைக் கூடி, ஒரு திங்கள் அவனுடன் இருந்து, சொல்லாமலே மறைந்து போகின்றாள். பின்பு, தான் பெற்ற மகனை மணிபல்லவத்திலே கம்பளச் செட்டியின் கலத்தில் ஏற்றித் தந்தையிடம் அனுப்புகின்றாள். கலம் இரவிற் கவிழ்கின்றது. மகனைத் தேடித் துயருற்ற மன்னன் இந்திர விழாவை மறக்க, புகார் நகரைக் கடல் கொள்ளுகின்றது. நாக மகளை இக்கதை அரக்கியாக்கவில்லை; பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயாகவே காட்டுகின்றது.

மேனாட்டுக் கதையும் மெல்ல மெல்ல வேறு திசையில் நடந்து வந்திருக்கின்றது. கென்னத் கிரகாம் 1898ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுவர் கதையொன்றிலே, டிராகனுக்குச் சண்டையில் விருப்பமில்லை, கவிதையிலேதான் விருப்பம். ஒரு சிறுவன் தூது செல்ல, புனித ஜார்ஜும் டிராகனும் ஊராருக்காகப் பொய்ச்சண்டை போட்டுப் பின் நண்பராகின்றனர். உர்சுலா லெகுவின் 1968ஆம் ஆண்டில் எழுதிய தீவுக்கூட்டக் கதையில், இளம் மந்திரவாதி சிறு படகிலே சென்று, முதிய டிராகனின் உண்மைப் பெயரைச் சொல்லி, இனித் தீவுகளுக்கு வருவதில்லை என்று உறுதி பெறுகின்றான். அதே ஆண்டில் வந்த ஆன் மக்காவ்ரியின் நூலிலே டிராகனும் அதன்மீது ஊர்பவரும் மனத்தால் ஒன்றுபட்டவர். 2023இல் வெளியாகிப் பெருந்தொகையாக விற்பனையான ரெபெக்கா யாரோசின் நாவலிலோ, டிராகனின் துணை காதற் கதையோடு பின்னிக் கிடக்கின்றது. ஈட்டியிலே தொடங்கிய கதை பேச்சுக்கும் நட்புக்கும் வந்து சேர நெடுங்காலம் சென்றிருக்கின்றது. நம் கடலின் பழங்கதைகள் அந்தப் பேச்சிலேயே நிற்கின்றன.

இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கதை நன்றாயிருப்பதால் மட்டும் அதைச் சொல்லுகின்றவர் நல்லவராகிவிடுவதில்லை. நாகவிகாரையும் நாகபூசணி அம்மன் ஆலயமும் ஒரே தீவிலே நடந்து செல்லும் தொலைவில் நிற்கின்றன. ஒருவரையொருவர் கேட்கும் பொறுமை இருந்திருப்பின், இந்நாடு எத்தனை உயிர்களை இழவாதிருந்திருக்கும்! 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவகத்து ஊர்களிலிருந்து பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தனர். மீண்டோர் சிலர், கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றியோர் பலர். நாகலிங்கம், நாகமுத்து, நாகரத்தினம், நாகேஸ்வரி என்று தீவிலே வீட்டுக்கு வீடு வழங்கிய பெயர்கள் இன்று அரிதாகின்றன. பெயர் போனாற் போகட்டும். கதையும் உடன் போய்விடலாகாது.

வெளிநாட்டு டிராகன் புத்தகங்களைப் பிள்ளைகளின் கையிலிருந்து பறிக்க வேண்டியதில்லை. அவற்றைப் படிக்கும் பிள்ளைக்கு நாகத்தின் கதை எளிதிற் புரியும். பக்கத்தில் இருந்து சொல்லுவோரே வேண்டும். அந்தச் சிறுமிக்கு அவளுடைய அம்மம்மா பின்னர் ஒரு மறுமொழி சொன்னார். “பாம்பைக் கொன்றிருந்தால் பூ போய்ச் சேர்ந்திருக்காதே, பிள்ளை” என்றார். சிறுமி சற்று யோசித்தாள். பிறகு, கருடனுக்கு அன்றைக்குப் பசித்திருக்குமே, அது என்ன சாப்பிட்டது என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. பகையை விட்டவனுக்கும் பசி உண்டு என்பதை அக்குழந்தை கண்டுகொண்டாள். அதற்குரிய விடையை நயினாதீவுக் கதை நமக்குச் சொல்லவில்லை. அதை நாம்தான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.